இஞ்சி முடிந்த இடம்

ஜூலை 2, செவ்வாய். வைற்ஹோர்ஸ்

எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை. கதைக்கிற பழக்கம்தான். ரொறன்ரோவில் என்றால் காலையில் ஒரு பிளேன்ரீயை ஊற்றிக்கொண்டு தங்கச்சிக்குப் போன் அடித்தால் மனதில் கிடப்பதெல்லாம் மத்தியானத்துக்குள் வெளியே போய்விடும். இனிப் போகப்போகிற றோட்டில் போன் வேலை செய்யாதாம். வாகனத்தை வாடகைக்குத் தந்தவன் அதை ஏதோ பெரிய சலுகை மாதிரிச் சிரித்துக்கொண்டு சொன்னான். அதுதான் இந்தக் கொப்பியை வாங்கினேன். சொல்லாமல் வைத்திருந்தால் எனக்குச் செமிக்காது.

வாகனம் என்றால், ஒரு லொறியின் முதுகில் வீடு. இரண்டு அடுப்பு, ஒரு குட்டிக் குளிர்ப்பெட்டி, கதிரை மாதிரி ஒரு கக்கூஸ். கட்டில் சாரதியின் தலைக்கு மேலே. எழும்பி இருந்தால் மண்டை முகட்டில் இடிக்கும். கக்கூசின் அடிப்பெட்டியை இழுத்தெடுத்து நாங்களே கொண்டுபோய் ஊற்ற வேண்டும். அறுபத்தியொரு வயதில் இதற்குக் காசும் கட்டி வந்திருக்கிறேன், என்னைச் சொல்ல வேணும்.

எல்லாம் என்னுடைய மனிதரால் வந்தது. குகதாசன், முப்பத்தொரு வருசம் ஸ்காபரோவில் பிளாஸ்ரிக் வாளி செய்கிற தொழிற்சாலையில் நின்று, போன வருசம்தான் ஓய்வெடுத்தவர். எங்களுக்குப் பயணம் என்றால் நயாகரா, விட்டால் மொன்றியல் கோயில் தேர். அந்த மனிதர் மே மாதம் ஒரு நாள் டாக்குத்தரிடம் போய்விட்டு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

"பவளம், வடக்கால போய்க்கொண்டே இருந்தா றோட்டு முடிஞ்சு ஐஸ் கடல் வருதாம். ஒருக்காப் போய்ப் பாப்பமே?"

"டாக்குத்தர் என்ன சொன்னவர்?"

"அவர் என்னத்தைச் சொல்லுறது. வாய்வாம்."

வாய்வு அவருக்கு இரண்டு வருசமாக இருக்கிறது. நெஞ்சுக்கு நடுவே வந்து அடைக்கும், இடது தோளுக்குப் போகும், கொஞ்சம் இருந்தால் இறங்கிவிடும். மாடிப்படி ஏறினால் கூடும். அதனால் இஞ்சி, உள்ளி, ஓமம், பெருங்காயம், மல்லி எல்லாம் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். என்னுடைய உடுப்பைவிட அதுதான் பாரம். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த பிள்ளை மூக்கைப் பொத்தினாள்.


ஜூலை 3, புதன். டோசன் போகிற வழி

காலை முதல் பின்னேரம் வரை மரம். பிறகு எரிந்த மரம். பிறகு மறுபடி மரம். இடையில் ஒரு ஆறு. "வடிவாக் கிடக்குதென்ன?" என்று இவர் ஒவ்வொரு வளைவிலும் கேட்டார். "ஓம், வடிவு" என்று நானும் ஒவ்வொரு வளைவிலும் சொன்னேன்.

ஆற்றங்கரையில் நிறுத்திச் சமைத்தேன். சோறு, உருளைக்கிழங்குப் பிரட்டல், மோர்மிளகாய். சாப்பிட்டு, மேல் கட்டிலுக்கு ஏறும்போது மூன்றாவது படியில் நின்றுவிட்டார். கையால் நெஞ்சைத் தடவினார்.

"என்ன, அடைக்குதே?"

"உம்மட கிழங்கு செய்யிற வேலை."

கிழங்கு வாய்வுதான், என்னுடைய பிழை. உடனே இஞ்சியும் உள்ளியும் தட்டிக் கசாயம் வைத்துக் கொடுத்தேன். கசாயம் வருவதற்கு முதல் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து வாய்க்குள் 'உஸ்' என்று அடித்துக்கொண்டார். வாய் மணத்துக்காம். சிகரெட்டை விட்டு எத்தனையோ வருசம், இப்ப யாருக்கு மணக்க வேணும்? அதையும் நாக்கைத் தூக்கி நாக்குக்குக் கீழே அடிக்கிறார். வாய் மணம் நாக்குக்குக் கீழே இருந்தா வருகிறது?

கேட்கவில்லை. கிழங்கை இனி எடுப்பதில்லை.


ஜூலை 4, வியாழன். டோசன்

மரப்பலகை நடைபாதையும் மண் தெருவுமாக ஒரு ஊர். தங்கம் தோண்ட வந்தவர்களின் ஊராம். இப்போது படம் எடுக்க வந்தவர்களின் ஊர். இங்கே போன் வேலை செய்தது. மகள் ஆரணியோடு கதைத்தேன். எங்கள் வீட்டு மேல்மாடியில்தான் அவளும் மருமகனும் இருக்கிறார்கள்.

"அம்மா, வீட்டு மெசின்ல ஆஸ்பத்திரியில இருந்து மெசேஜ் கிடக்கு. அப்பா ஏதோ டேற்றைக் கான்சல் பண்ணினவராம். திருப்பி எப்ப வைக்கிறதெண்டு கேக்கினம். என்ன டேற் அது?"

"கண்ணா இருக்கும்."

"கண்ணுக்கு ஏனம்மா அந்தப் பெரிய ஆஸ்பத்திரி?"

"எனக்கென்ன தெரியும்? வந்து பாப்பம். நீ கறிவேப்பிலைக்குத் தண்ணி விடுறியோ?"

விடுகிறாளாம். அவள் விடமாட்டாள், எனக்குத் தெரியும்.

இவர் பெற்றோல் அடிக்கப் போன நேரம் நான் மருந்துக்கடைக்குள் போனேன். முழங்கால் நோவுக்கு அஸ்பிரின் ஒரு பெட்டி வாங்கினேன். பெட்டியின் மூலையில் சிவப்பாக ஒரு சின்னப் படம் போட்டிருந்தது. என்ன படம் என்று நான் வடிவாகப் பார்க்கவில்லை.

இரவைக்குப் புட்டும் பருப்பும். பருப்புக்குப் பெருங்காயம் கூடப் போட்டேன்.


ஜூலை 5, வெள்ளி. டெம்ஸ்ரர் றோட்டு

தார் றோட்டு முடிந்துவிட்டது. இனிக் கடல் வரைக்கும் கல்லும் மண்ணும்தானாம். தொடக்கத்தில் ஒரு பலகை. அடுத்த பெற்றோல் நிலையம் கிட்டத்தட்ட முந்நூற்றெழுபது கிலோமீற்றருக்கு அப்பால் என்று எழுதியிருந்தது. பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். நான் அவரைப் பார்த்து முறைத்தது படத்தில் தெரியாது.

மலையெல்லாம் கறுப்பு. ஒரு மரம் இல்லை. வானமும் மலையும் றோட்டும், நடுவில் நாங்கள் இருவரும். இவர் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி பள்ளிக்கூடப் பெடியன் மாதிரிச் சிரித்தார்.

"முப்பத்தாறு வருசம் கனடாவில இருந்து ரொறன்ரோ நாலு-பூச்சிய-ஒண்டு ஹைவேயைத் தவிர வேற றோட்டு கண்டனானே? இதைப் பாரும். இதைப் பாரும் பவளம்!"

பார்த்தேன். அவருடைய முகத்தைத்தான் பார்த்தேன். சந்தோசத்துக்கு அடியில் ஒரு சாம்பல் நிறம்.

முகாமில் தண்ணீர்க் கானைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது வந்தது. பத்து அடி ஏற்றம்கூட இல்லை. கானை வைத்துவிட்டு, மலையைப் பார்க்கிற மாதிரி நின்றார். நானும் மலையைப் பார்க்கிற மாதிரியே நின்றேன். நுளம்பு பிய்த்துத் தின்றது. பிறகு கானை நான் தூக்கிக்கொண்டு போனேன். "நேற்றுப் பருப்பு," என்றேன். "ஓம், பருப்பு," என்றார். பிறகு இன்னொரு தரமும் வந்தது, கக்கூஸ் பெட்டியை இழுக்கும்போது. அதையும் நானே ஊற்றினேன்.

முழங்காலுக்கு வாங்கிய குளிசையில் பாதியைக் கரண்டியால் நசித்துப் பொடியாக்கி அவருடைய கசாயத்தில் போட்டேன். ஏன் என்று எழுத எனக்கு விருப்பமில்லை.


ஜூலை 6, சனி

மழை. சேறு. கடலைக் கறியையும் நிற்பாட்டியாச்சு.


ஜூலை 7, ஞாயிறு. நடுவழி விடுதி

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது.

காலையில் ஒரு பலகை கண்டோம். அதில் ஆகாயவிமானப் படம். "றோட்டில பிளேனோ?" என்று கேட்டேன். அந்த இடத்தில் றோட்டை அகலமாக வெட்டி விட்டிருக்கிறார்களாம். யாருக்கும் உடம்புக்கு ஏலாமல் போனால் விமானம் வந்து றோட்டிலேயே இறங்குமாம். வழியில் இப்படி இன்னும் இடங்கள் இருக்கின்றனவாம். இவர் அதைத் தொழிற்சாலை மெசினைப் பற்றி விளக்குகிற மாதிரிச் சந்தோசமாக விளக்கினார். "உதெல்லாம் எப்ப படிச்சனீங்கள்?" என்றேன். "வெளிக்கிட முதல் பார்த்தனான்," என்றார். எந்த இடத்தில் விமானம் இறங்கும் என்று எதற்காகப் பார்த்து வைத்தார் என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ரயர் போனது. கூரான கல்லுகள். இவர் ஜாக்கியை வைத்து உயர்த்தி, நட்டைக் கழற்றப் போட்ட முதல் அமத்திலேயே விட்டுவிட்டார். சேற்றில் இருந்துவிட்டார். குளிர் காற்றில் மனிதருக்கு வியர்க்கிறது. குப்பியை எடுத்து அடித்தார், எனக்கு மறைக்கவும் மறந்துபோனார். பிறகு இன்னொரு தரம் அடித்தார்.

"வாய் மணக்குதோ?" என்றேன்.

"ஓம்," என்றார்.

நட்டை நான் கழற்றினேன். நட்டுக் கழற்றுகிற சாவியின் மேல் ஏறி நின்று குதித்தேன். ரோல்ஸ் கடையில் இருபது வருசம் மாப்பிசைந்த கை, அப்படி ஒன்றும் குறைந்த கை இல்லை. ஒவ்வொரு நட்டும் கழலும்போது ஒவ்வொருவரைத் திட்டினேன். முதல் நட்டுக்கு வாகனம் தந்தவன். இரண்டாவதுக்கு இந்த றோட்டை வெட்டினவன். மூன்றாவதுக்கு இவர். மிச்சத்துக்கு என்னைப் பெற்ற ஐயா. ஐயாவை ஏன் திட்டினேன் என்று தெரியவில்லை. அவரும் வாய்வுக்காரன்தான். அம்மா உள்ளி சுட்டுக் கொடுத்துக்கொண்டே இருப்பா. கொடிகாமம் சந்தைக்குப் போகும்போது சைக்கிளோடு விழுந்தவர், எழும்பவில்லை. வீட்டில் எல்லோரும் அதை வாய்வு அடைத்தது என்றுதான் சொன்னார்கள். இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறோம்.

பின்னேரம் இந்த விடுதிக்கு வந்து சேர்ந்தோம். ஒரு குன்றின் மேல் பெற்றோல், சாப்பாடு, சில அறைகள், சுற்றிவர ஒன்றுமில்லை. வாகனத்துக்குள் வந்து இஞ்சிப் பையைக் கவிழ்த்தேன். தோல்தான் விழுந்தது.

இதை நான் நினைத்துத்தான் சொன்னேன். சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்டு வராது என்று நினைத்தேன்.

"இஞ்சரப்பா, இஞ்சி முடிஞ்சுது."

"முடிஞ்சா என்ன?"

"இஞ்சி இல்லாம மேல போகேலாது. திரும்புவம்."

"இனுவிக்கில கடை இருக்கு. அங்க வாங்குவம்."

"உந்த ஐஸ் ஊரில எவன் இஞ்சி விக்கிறான்? டோசனில எண்டா ஆஸ்பத்..." நான் வாயை மூடிக்கொண்டேன். "டோசனில எண்டா எல்லாம் இருக்கு."

இவர் வாகனத்தை ஸ்ராட் பண்ணுகிற திறப்பை எடுத்து மேசையில், எனக்கு முன்னால் வைத்தார்.

"இஞ்சிக்கோ திரும்பச் சொல்லுறீர்?"

"இஞ்சிக்குத்தான்."

"வேற ஏதும் எண்டாச் சொல்லும் பவளம். நீர் வாய் திறந்து சொன்னா இப்பவே திருப்புறன். சத்தியமா."

எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் திருப்புவார், எனக்குத் தெரியும். திருப்பினால் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்றால் வெட்டுவார்கள். இவருடைய பெரியண்ணையை லண்டனில் நெஞ்சைப் பிளந்து வைத்தபடியேதான் திருப்பித் தந்தார்கள். அன்றைக்கு இவர் ஒரு சொல் பேசாமல் குளியலறைக்குள் போய்த் தண்ணியைத் திறந்துவிட்டு அழுதது எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தச் சொல்லை நான் சொன்னால், அது கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எங்களோடு இருந்துவிடும். பிறகு எழுப்ப ஏலாது.

"வேற என்ன கிடக்கு?" என்றேன். "இஞ்சிதான்."

"அப்ப இனுவிக்கில வாங்குவம்," என்று திறப்பை எடுத்துக்கொண்டார்.

விடுதிக்காரியிடம் போய் இஞ்சி கேட்டேன். அவள் இஞ்சித் தேயிலைப் பைகள் கொஞ்சம் தந்தாள். அதை முகர்ந்து பார்த்தேன், கடதாசி மணம்தான் வந்தது. "உன்னுடைய கணவருக்கு சுகமில்லையா? நிறம் சரியில்லையே," என்று அவளுடைய பாஷையில் கேட்டாள். காஸ் என்றேன்.


ஜூலை 8, திங்கள். ஆர்க்டிக் வட்டம் தாண்டி

இன்றைக்கு நல்ல நாள். கடவுளே, எவ்வளவு நல்ல நாள்!

மழை விட்டு, வெயில். காலையில் அவருக்கு ஒரு நோவும் இல்லை. ஆர்க்டிக் வட்டம் என்று ஒரு பலகை, அதற்குப் பக்கத்தில் ஒரு மேசை. அந்த மேசையில் வைத்துச் சோறும் சொதியும் சாப்பிட்டோம். இவர் பலகைக்கு அங்கால் ஒரு கால், இங்கால் ஒரு கால் வைத்து நின்று, "பவளம், இந்தக் கால் குளிருது, அந்தக் கால் குளிரேல்லை!" என்று கத்தினார். விசர் மனிதர். நான் சிரித்துச் சிரித்து, இருந்த வாங்கிலிருந்து விழப் பார்த்தேன். கல்யாணம் முடித்து வந்த புதிதில் இப்படித்தான் இருந்தவர். வாளித் தொழிற்சாலை அதையெல்லாம் எங்கேயோ கொண்டுபோய் வைத்திருந்தது.

பிறகு வாகனத்தின் படியில் இருவரும் நெருக்கிக்கொண்டு இருந்தோம். மலை முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. அவர் கையை எடுத்து என்னுடைய மடியில் வைத்தார். நான் இஞ்சியில்லாமல் உள்ளியும் மல்லியும் போட்டு வைத்த கசாயப் பேணியைக் கொடுத்தேன்.

ஒரு முடறு குடித்தார். "கொஞ்ச நாளாக் கசாயம் புளிக்குதே?"

"தேசிக்காய் விட்டனான்."

"தேசிக்காய் எங்கால?"

வாகனத்தில் தேசிக்காய் இல்லை. வைற்ஹோர்ஸில் வாங்க மறந்துபோனதைப் பற்றி வழியெல்லாம் அவரிடம்தான் புறுபுறுத்துக்கொண்டு வந்தேன்.

"கிடந்தது," என்றேன்.

"ஓம், கிடந்திருக்கும்," என்று மிச்சத்தையும் குடித்து, பேணியின் அடியில் விரலை விட்டு, ஒட்டியிருந்த வெள்ளைப் பொடியையும் நக்கினார். என்னைப் பார்க்கவில்லை. நானும் பூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரவைக்குக் கஞ்சி. உப்பு மட்டும்.


ஜூலை 11, வியாழன். இனுவிக்

நேற்றும் முந்தாநாளும் எழுதவில்லை. இன்றைக்கும் எழுத வேண்டும் என்றில்லை. அறையில் தனிய இருக்கிறேன். யன்னலுக்கு வெளியே ஆட்கள் காரில் போகிறார்கள், ஒரு பெண் நாயைக் கூட்டிக்கொண்டு போகிறாள். வேறு என்ன செய்வது என்று தெரியாமல்தான் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு மலை ஏற்றம். காற்று வாகனத்தைப் பிடித்து ஆட்டியது. இவர் ஓரமாக நிறுத்தி, "ரயர் நட்டை ஒருக்காப் பாக்கிறன்," என்று இறங்கினார். நான் இஞ்சித் தேயிலையைக் கொதிக்க வைத்தேன். எடுத்துக்கொண்டு இறங்கியபோது படியில் இருந்தார். பேணியை நீட்டினேன். வாங்கவில்லை. வாங்குவதற்குக் கை எழும்பவில்லை.

நான் சாப்பாட்டைத்தான் முதலில் நினைத்தேன். பழக்கம். கிழங்கு நிற்பாட்டி, பருப்பு நிற்பாட்டி, கடலை நிற்பாட்டி, கடைசியில் வெறும் கஞ்சியும் உப்பும். குற்றம் சொல்ல ஒரு சாப்பாடும் மிச்சமில்லை.

றோட்டுக்கு நடுவில் போய் நின்று, போட்டிருந்த சால்வையைக் கழற்றிச் சுழற்றினேன். ஒருவரும் வரவில்லை. கத்தினேன். எங்களுடைய பாஷையில்தான் கத்தினேன். திரும்பி வந்து அவருடைய தலையை மடியில் வைத்தேன். மறுபடி றோட்டுக்கு ஓடினேன். அப்படி எத்தனை தரம் ஓடினேன் என்று தெரியாது.

கடைசியில் வடக்கே சாமான் கொண்டுபோகிற ஒரு பெரிய லொறி வந்தது. கிளென் என்று ஒருவன், தாடிக்காரன். இறங்கி ஒரு பார்வைதான் பார்த்தான். ஓடிப்போய், எந்தக் காட்டிலும் வேலை செய்கிற செய்மதி போனைக் கொண்டுவந்து, நம்பரை அமத்தி என்னுடைய காதில் வைத்தான். அங்கால் ஒரு தாதி. பொறுமையான குரல். என்ன பிரச்சினை என்று கேட்டாள்.

இவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதயம் என்றேன். ஆங்கிலத்தில், சத்தமாக, கிளெனுக்கும் இவருக்கும் அந்த மலைக்கும் கேட்கும்படி சொன்னேன்.

எப்போது தொடங்கியது, இந்தக் கிழமையில் எத்தனை தரம் வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்டாள். நான் எல்லாம் சொன்னேன். ஒன்றைக்கூட விடவில்லை. கிழங்கு சமைத்த அன்றைக்கு ஒன்று, படியில் ஏறும்போது. பருப்புக்கு அடுத்த நாள் இரண்டு. கடலை அன்றைக்கு ஒன்று, நித்திரையில், நான் நித்திரை மாதிரிக் கிடந்தேன். ரயர் மாற்றும்போது பெரிசு. தோளுக்குப் போனது, தாடைக்குப் போனது, வியர்த்தது. எனக்கே ஆச்சரியம், எல்லாம் எனக்குள்ளே அடுக்கடுக்காக இருந்திருக்கிறது.

அவர் மருந்து ஏதும் எடுக்கிறாரா என்று கேட்டாள். அஸ்பிரின், தினமும் பாதி, நான் கசாயத்தில் போடுகிறேன் என்று அவருக்கு முன்னால் சொன்னேன். அப்போது இவர் கஷ்டப்பட்டுச் சட்டைப் பைக்குள் விரலை விட்டு, அந்தக் குப்பியை எடுத்து என்னுடைய கையில் வைத்தார். அதில் எழுதியிருந்ததை எழுத்தெழுத்தாகத் தாதிக்கு வாசித்தேன். மேயில் கொடுத்த மருந்து. அவருடைய பெயர் போட்டிருந்தது.

ஒரு முழு அஸ்பிரினைச் சப்பச் சொன்னாள். நான் பெட்டியோடு கொண்டுவந்தேன். இப்போது அந்தச் சிவப்புப் படத்தை வடிவாகப் பார்த்தேன். இதயப் படம்தான்.

சப்பிவிட்டு முகத்தைச் சுளித்தார். "இதுதானே உம்மட தேசிக்காய்?"

"கதையாதேங்கோ அப்பா."

"எனக்குத் தெரியும். நீர் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"நானும் நீங்கள் சொல்லுவியள் எண்டு..."

கிளென் அவரைத் தூக்கி எங்களுடைய வாகனத்தின் கீழ் இருக்கையில் படுக்க வைத்து, தானே ஓட்டினான். றோட்டு அகலமாகிற ஒரு இடம் பக்கத்தில் இருந்தது, அந்த ஆகாயவிமானப் பலகை போட்ட இடம். இவர் முன்னரே பார்த்து வைத்திருந்த இடங்களில் ஒன்றாகத்தான் இருக்கும். விமானம் வர நேரம் எடுத்தது. அவ்வளவு நேரமும் நான் அவருடைய காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். காலைத் தேய்த்து என்ன பிரயோசனம்? ஆனால் தேய்த்தேன்.

வந்து இறங்கியது. கல்லும் தூசியும் எழும்ப, நாங்கள் இத்தனை நாளாகத் திட்டிக்கொண்டு வந்த அதே றோட்டில். வயர்களைப் பூட்டினார்கள், ஊசி போட்டார்கள். சின்ன விமானம். உள்ளே ஏற்கெனவே வேறொரு ஊரிலிருந்து ஏற்றிய நோயாளி ஒருவர் இருந்தார். எனக்கு இடமில்லை என்றார்கள். மன்னிக்கச் சொன்னார்கள், பாவங்கள், விமானத்தில் வந்த தாதிக்குக் கண் கலங்கியது.

இவர் தூக்குக் கட்டிலில் இருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டார். குனிந்தேன்.

"போனில அவையளிட்ட என்ன சொன்னனீர்?"

அவருக்குக் காது கேட்காமல் இருக்கவில்லை. ஒன்றரை அடி தூரத்தில்தான் இருந்தவர்.

"வாய்வு எண்டு சொன்னனான்," என்றேன்.

"நல்லது," என்றார். சிரித்தார். பிறகு கதவைச் சாத்தினார்கள்.

வாகனத்தை அப்படியே அங்கே விட்டுவிட்டு, கிளெனின் லொறி நின்ற இடத்துக்கு நடந்துபோய், அதில் ஏறி வந்தேன். இரண்டு இடத்தில் படகில் லொறியை ஏற்றி ஆறு கடந்தோம். அவன் ஒன்றும் கதைக்கவில்லை, தன்னுடைய சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து என்னுடைய மடியில் வைத்தான். உள்ளே உருளைக்கிழங்குச் சிப்ஸ் இருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது.

ஆஸ்பத்திரியில் என்னை அவரிடம் கூட்டிப்போகவில்லை. ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போனார்கள். மேசையில் கண் துடைக்கிற கடதாசி லேஞ்சிப் பெட்டி இருந்தது, இரண்டு நல்ல கதிரை இருந்தது. டாக்குத்தர் வாய் திறப்பதற்கு முதலே எனக்கு விளங்கிவிட்டது. விமானம் இறங்கும்போதே உயிர் போய்விட்டதாம். மேயில் வைத்த திகதிக்குச் சத்திரசிகிச்சை செய்திருந்தால் நல்ல சந்தர்ப்பம் இருந்திருக்கும் என்று நான் கேட்காமலே சொன்னார். சொல்லாமல் விட்டிருக்கலாம். இல்லை, சொன்னதும் சரிதான்.


ஜூலை 12, வெள்ளி. இனுவிக்

காலையில் கடைக்குப் போனேன். இஞ்சி இருக்கிறது. நல்ல இஞ்சி, புதுசு, நாரில்லாதது.

கடல் இன்னும் இரண்டு மணித்தியால ஓட்டம்தானாம். கிளென் வந்து, கொண்டுபோய்க் காட்டுகிறேன், விருப்பமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

போன் இங்கே நன்றாக வேலை செய்கிறது. எல்லோரும் எடுக்கிறார்கள். தங்கச்சி, தொழிற்சாலை ஆட்கள், கோயில் ஆட்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி.

"ஒரு வருத்தமும் இல்லாத மனிசனல்லோ அக்கா? திடீரெண்டே?"

"ஓம். திடீரெண்டுதான்."

இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மை மாதிரி வரத் தொடங்கிவிட்டது. வாய் தானாகச் சொல்கிறது. பின்னேரம் மச்சாள் எடுத்து, "வாய்வு தலைக்கடிச்சிருக்கும்," என்றா. அதற்கும் ஓம் என்றேன்.

கடைசியாக ஆரணி எடுத்தாள். நாளைக்குப் பிளேன் ஏறுகிறாளாம், தகப்பனைக் கொண்டுபோக. அழுது அழுது குரல் அடைத்துப்போய்க் கிடந்தது. படி ஏறி இறங்கி உடுப்பு அடுக்குகிறாளாம், மூச்சு இளைக்கிறது.

"நேற்றில இருந்து எனக்கும் ஒரு மாதிரிக் கிடக்கம்மா. சாப்பிடேல்லை, நித்திரை இல்லை. படி ஏறேக்கை நெஞ்சுக்கு நடுவில வந்து அடைக்குது. கை விறைக்குது. வாய்வாக்கும். உங்கட கசாயம் எப்பிடி வைக்கிறதெண்டு ஒருக்காச் சொல்லுங்கோ."

இஞ்சி என்று என்னுடைய வாய் தொடங்கிவிட்டது. உண்மையாகவே தொடங்கிவிட்டது.

"ஆரணி. உடுப்பைக் கீழ போடு."

"என்னம்மா?"

"அது வாய்வில்லை. நான் சொல்லுறதைக் கேள். அப்பாவுக்கு இருந்ததும் வாய்வில்லை. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். தாத்தாவுக்கும் வாய்வில்லை, பெரியப்பாவுக்கும் வாய்வில்லை. எங்கட வீட்டில ஒருத்தருக்கும் ஒரு நாளும் வாய்வு இருக்கேல்லை. எல்லாருக்கும் இதயம். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ. போய், வாசலில நிண்டு அந்தச் சொல்லைச் சொல்லு. வெக்கப்படாம, பயப்படாம சொல்லு."

"அம்மா, இது அழுததில வந்த..."

"அழுததில வந்ததெண்டா அவங்கள் சொல்லட்டும். நீ சொல்லாதை. நானும் சொல்லமாட்டன்."

அந்தப் பக்கம் பெட்டி ஒன்று கீழே விழுகிற சத்தம் கேட்டது. பிறகு மருமகனைக் கூப்பிட்டாள். கார்த் திறப்பு எங்கே என்று கேட்டாள். கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை நான் போனை வைக்கவில்லை.